சண்டைக்காரம்மா ஸ்டாப்பிங்

பிள்ளைப்பாக்கம், மண்ணூர் என்றெல்லாம் யார் பெயர் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று கேட்டால் அவரவர் தலையைச் சொறிவார்கள். மண்ணூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டெதிரே இருக்கும் ஸ்டாப்பிங்குக்குப் பெயர் வந்த கதை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாவத்தைக் கட்டிக்கொண்டவளே நான்தான்.

கம்பெனியில் பேக்கிங் லைனில் இருந்தேன். காலை ஷிப்ட் பஸ் என் வீட்டைத் தாண்டிப் போய் எங்கேயோ நிற்கும். ஓடிப்போய் ஏற வேண்டும். மூன்று நாள் டிரைவரிடம் பதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது நாள் டிபன் பையை நடுரோட்டில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர் ஹாரன் அடித்தார். நான் அவர் பரம்பரையையே இழுத்துப் பேசினேன். அன்றிலிருந்து பஸ் நின்றது. பக்கத்தில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பெண்களும் அங்கேயே ஏறினார்கள். ரூட் பட்டியலில் அந்த டிரைவர் எழுதிக்கொடுத்த பெயர்தான் சண்டைக்காரம்மா ஸ்டாப்பிங். கேன்டீன் சுவரிலும் ஒட்டிவிட்டார்கள். பிறகு ஷேர் ஆட்டோ, தண்ணீர் கேன், கூரியர் எல்லாருக்கும் அதுவே விலாசம்.

பொய் சொல்வானேன், எனக்கு உள்ளூரப் பெருமைதான். மகளைப் பெண் பார்க்கப் பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றதும்தான் அந்தப் பெயர் உறுத்தியது. சண்டைக்காரி பெற்ற பெண்ணை எவன் கட்டுவான்? அவளுக்கோ அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அவசரமாக ‘வேப்பமரம் ஸ்டாப்பிங்’ என்று பிளெக்ஸ் அடித்து எதிரே இருந்த மரத்தில் கட்டினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. கேசரி ஆறிப்போனது. மகள் என் முகத்தையே பார்க்கவில்லை. ஒருவழியாக ஒரு ஆட்டோ வந்து நின்றது. மண்ணூர் முழுக்க வேப்பமரத்தைத் தேடினார்களாம், ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். பேக்கிங் லைனில் வேலை செய்த அம்மா வீடு என்றதும் ஆட்டோக்காரர், “சண்டைக்காரம்மா ஸ்டாப்பிங்னு சொல்றதுக்கு இன்னா?” என்று கேட்டு, நடுரோட்டுக் கதையையும் வழியெல்லாம் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். தலையைக் குனிந்தபடி கேசரித் தட்டை நீட்டினேன். பையனின் அம்மா வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க வூட்டாண்டயும் கம்பெனி பஸ் நிக்காமதான் போவுது,” என்றார். “கண்ணாலம் முடிஞ்சதும் ஒருநாள் வந்து ரோட்டுல நின்னுட்டுப் போங்க, சம்பந்தி.”