பதினெட்டு முடிந்த பிள்ளைகள்

கூடத்தில் நாற்காலி டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்த சத்தம் கேட்டது. அதற்கு ஒரு கால் குட்டை. வீட்டு ஆட்கள் யாரும் அதில் உட்காருவதில்லை. வந்திருப்பது வெளியாள்தான். பின்னறையில் கணினி முன் உட்கார்ந்து, ஆய்வுக்காகப் பதிவுசெய்த பேட்டிகளைக் கேட்டுக்கொண்டிருந்த ஃபைலக்கா, காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். அடுத்து ஒரு கனைப்பு வந்தது. வகுப்பறையிலும் துறை அறையிலும் பலமுறை கேட்டுப் பழகிய கனைப்பு அது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளராக இருக்கும் பேராசிரியர் வீடு தேடியே வந்துவிட்டார்.

மருமகள் இருக்கிறாளா என்று அவர் கேட்க, மாமியார் மொத்தத்தையும் போட்டு உடைத்தார்.

"உள்ளதான் இருக்கா சார். ரெண்டு வாரமா அந்த ரூமை விட்டு எங்க வெளிய வர்றா? யார் யாரோ பேசுறதை காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டே இருக்கா. நம்ம கூப்பிட்டா மட்டும்தான் காது கேக்காது."

ஃபைலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. முனைவர் படிப்புக்கு வருவதற்கு முன்னால் பல வருடங்கள் அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமூகப் பணியாளராக இருந்தாள். எந்நேரமும் கக்கத்தில் ஒரு ஃபைலோடு நடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. போகப்போகக் காப்பகத்தின் காவலாளியும் அப்படியே கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் கணவனும் பிடித்துக்கொண்டான். இப்போது அவளுடைய சொந்தப் பெயர் பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காப்பகத்தில் மைனா என்று ஒரு பெண் இருந்தாள். ஓயாத வாய். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பதினெட்டு வயது முடிந்தால் காப்பகத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. மைனாவும் ஒரு பையோடு வெளியேறினாள். துணி சலவைக் கடை ஒன்றில் வேலையும் கிடைத்தது. எல்லோரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில் மைனா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன வேண்டும் என்று ஃபைலக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. லீவு நாள்ல எங்க போறதுன்னு தெரியல. சமையல்ரூம்ல பாத்திரம் கழுவித் தரட்டுமா? சும்மா கொஞ்ச நேரம்."

அன்று இரவு ஃபைலக்கா சாப்பிடவில்லை. வெளியேறிய பிள்ளைகள் எங்கே போகிறார்கள், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள், கல்யாணம் என்றால் யார் முன்னே நிற்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. பதினெட்டு முடிந்த அன்றே அந்தப் பிள்ளையின் விவரம் அலமாரிக்குப் போய்விடும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று கேட்க உலகத்தில் ஒரு மேசை கிடையாது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவள் வேலையை விட்டாள், முப்பத்தாறு வயதில் மறுபடியும் மாணவியானாள்.

துறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆர்வம் உண்டு. ஒருவன் இரவுக் காவலர்களின் தூக்கத்தைப் பற்றி ஆராய்ந்தான். சதா கொட்டாவி விடுவதால் தன்னையே ஆராய்கிறான் என்று மற்றவர்கள் ஓட்டினார்கள். இன்னொருத்தி முதியோரின் தனிமையை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் தன் அப்பாவிடம் பேச நேரமில்லை என்று அலுத்துக்கொள்வாள். நெறியாளரின் ஆர்வம் மட்டும் காற்றாடி மாதிரி. எந்தப் பக்கம் ஆய்வுத் திட்டம் வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பும். இந்த வருடம் செல்போனும் பள்ளிப் பிள்ளைகளும் என்ற பக்கம் திரும்பியிருந்தது.

ஃபைலக்காவின் தலைப்பு ஏற்கெனவே இரண்டு முறை வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். "எங்க லிஃப்ட்டாவது மாடிக்கு மாடி நின்னு கதவத் திறக்கும். உன் தலைப்பு ஏறுது, இறங்குது, கதவு மட்டும் திறக்க மாட்டேங்குது" என்பான். சிரிப்பாள். பிறகு குளியலறைக்குப் போய் அழுவாள்.

மூன்றாவது முறை நடந்ததைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

சமூகப் பணி படித்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே ஒரு பழக்கத்தை ஊட்டி விடுவார்கள். ஃபைலக்காவுக்கு அதை ஊட்டியவர் இதே நெறியாளர்தான். எதிரில் இருப்பவர் பேசும்போது மறுக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான், நாம் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும், மனம் திறப்பார். காப்பகத்தில் எத்தனையோ பிள்ளைகளின் வாய்ப்பூட்டை ஃபைலக்கா இப்படித் திறந்திருக்கிறாள். ஆனால் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை, ரத்தத்தில் ஊறிவிட்டது. கணவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான்: "எங்க வீட்டுல சண்டை போட வழியே இல்லீங்க. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொன்னா, உப்பு இல்லாதது உங்களுக்கு வருத்தமா இருக்குங்கிறா. உப்பு மட்டும் வரவே வராது."

அந்தப் பாழும் பழக்கம்தான் அன்று நெறியாளரின் அறையிலும் நாக்கில் வந்து உட்கார்ந்தது. வெளியே போன பிள்ளைகளைத் தேடுவது நடக்காத காரியம், செல்போன் பக்கம் மாறிக்கொண்டால் நல்லது என்று அவர் நீளமாகப் பேசினார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "தேடுறது நடக்காத காரியம்... செல்போன் பக்கம் மாறிக்கிட்டா நல்லது" என்று திருப்பிச் சொன்னாள். அடுத்து "ஆனா சார்" என்று தன் பக்கத்தை எடுத்து வைக்க வாய் திறப்பதற்குள் அவருக்கு போன் வந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் ஆய்வுக்குழு கூடியது. குழு பேசும்போது மாணவர்கள் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். மாணவியே மனமுவந்து ஒப்புக்கொண்டதாக உள்ளே அவர் சொல்ல, தலைப்பு மாறிப்போனது. அவள் வெளியே பெஞ்சில் தன் முறை வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் துறைப் பக்கமே போகவில்லை.

இப்போது கூடத்துக்கு வந்து நின்றாள். நெறியாளர் முழங்காலில் தேநீர்க் கோப்பையை வைத்து, நாற்காலி ஆடாமலிருக்கக் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். போனை ஏன் எடுக்கவில்லை என்றார். திங்கட்கிழமைக்குள் புதிய தலைப்புக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் ஒத்துக்கவே இல்லையே சார்."

"நீங்கதானம்மா சொன்னீங்க, மாறிக்கிட்டா நல்லதுன்னு. என் காதால கேட்டேன்."

"நீங்க சொன்னதைத்தான் சார் திருப்பிச் சொன்னேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார். நாற்காலியும் சேர்ந்து ஆடியது. இத்தனை வருடம் பாடம் நடத்தியதற்கு இதுதான் பலனா என்றார். அந்தச் சிரிப்பு அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மாமியார் ஒன்றும் புரியாமல் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் இறங்கியது. அவர் கொடுமைக்காரர் அல்ல. கையில் கிடைக்காத மனிதர்களைத் தேடிப் போன மாணவர்கள் பாதியில் உடைந்துபோனதைக் கண்ணால் கண்டவர். ஓய்வு பெறுவதற்குள் இவளையாவது கரை சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு உண்மையாகவே இருந்தது. இதுவரை எத்தனை பேரைப் பிடிக்க முடிந்தது என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினால் ஒரு கைக்குள் அடங்கிவிடும். வருகிறேன் என்றவர்கள் வரவில்லை. வந்தவர்களில் ஒருவன் பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டான். மைனாவின் போன் எண்ணே உபயோகத்தில் இல்லை. சலவைக் கடையும் மூடிக் கிடந்தது. அந்தப் பூட்டின் முன் நின்று ஃபைலக்கா தெரு என்றும் பாராமல் அழுதிருக்கிறாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போனா ஒரே நாள்ல நூறு பிள்ளைங்க வரிசையா உக்காந்திருக்கும். அடுத்த வருஷம் பட்டம். வெளிய போன பிள்ளைங்க யாரும் உங்களைத் தேடலம்மா. நீங்கதான் தேடிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

நெஞ்சில் யாரோ கத்தியைச் செருகித் திருகியதுபோல் இருந்தது அவளுக்கு. ஏனென்றால் அது உண்மை. மாமியார் மெல்ல, "அவர் நல்லதுக்குத்தானேம்மா சொல்றாரு. முடிச்சிரேன்" என்றார். கணவனும் இதைத்தான் சொல்வான். ஒரு கையெழுத்து. அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம், சிரிக்கலாம், சாப்பாட்டில் உப்புப் போடலாம்.

பேனாவை அவரே எடுத்து நீட்டினார். அவள் கை கொஞ்சம் நீண்டது. நீண்ட கையைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, அந்தக் கையின் மேல்.

"முடியாது சார். தேடுனா யாரும் கிடைக்க மாட்டாங்கன்னு தெரியும். கிடைக்கலங்கிறதுதான் சார் நான் எழுத வேண்டியது. அவங்க ஏன் யாருக்குமே கிடைக்காமப் போறாங்க? அதை எழுதாம செல்போனை எழுதுனா அது என் கையெழுத்தா இருக்காது."

"செல்போன் வேண்டாம்னு நினைக்கிறீங்க."

"நினைக்கல சார். சொல்றேன்."

நெறியாளர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தாள். களைப்புதான் தெரிந்தது. அப்படியானால் தான் நெறியாளராகத் தொடர்வதில் பொருளில்லை என்றார். விலகிக்கொள்வதாகத் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிடுவார். துறையில் வேறு யாரும் இவளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேறு பல்கலைக்கழகம், வேறு ஆள், மறுபடியும் முதலிலிருந்து. அவர் எழுந்தார். தேநீர் நன்றாக இருந்தது என்று மாமியாரிடம் மறக்காமல் சொன்னார்.

"அப்ப, இத்தனை நாள் படிச்சது?" என்று மாமியார் கேட்டார்.

"போச்சு அத்தை."

வாசலில் அவர் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார். தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்தார். கூப்பிடுவாள், மனம் மாறுவாள் என்று காத்திருந்தாரோ என்னவோ. அவள் தொண்டை வரை ஒரு "சார்" வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்து கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. அவர் நிமிர்ந்து ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். கடைசிப் படி வரை அந்த நடையைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஃபைலக்கா கதவைச் சாத்தினாள்.