எனக்கு மட்டும் பேப்பர் தட்டு

போன தீபாவளி அன்று, பினாங்கில் கெலுகோரில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எனக்கு ஹெப்பட்டைட்டிஸ் சி இருப்பது தெரிந்தது. சத்தமில்லாமல் கல்லீரலைக் கெடுக்கும் கிருமி. அரசாங்க மருத்துவமனையில் மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி போய்விட்டது என்று சொல்லியும் விட்டார்கள்.

அன்று எல்லாருக்கும் பீங்கான் தட்டு. எனக்கு மட்டும் பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் கப்.

“தப்பா நெனைக்காதீங்க தம்பி. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கில்ல, அதான்லா,” என்றார் அண்ணி.

இது தட்டில் ஒட்டாது, ரத்தத்தில்தான் பரவும் என்று டாக்டர் சொன்னதை எத்தனையோ முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். காதில் வாங்கினால்தானே. அண்ணனோ குனிந்த தலை நிமிராமல் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். அதுதான் என்னை உசுப்பிவிட்டது.

எனக்கு இது எப்படி வந்திருக்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். இளவட்டமாக இருந்தபோது டத்தோ கிராமாட் பக்கம் பச்சை குத்தும் ஒருவரிடம் போய் இரண்டு பேரும் கையில் தேள் பச்சை குத்திக்கொண்டோம். ஒரே ஊசி. முதலில் எனக்கு, அடுத்து அவருக்கு. நோய் தெரிந்த அன்றே அவரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். “எனக்கு ஒண்ணும் இல்லலா,” என்று மழுப்பிவிட்டார். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான்.

எழுந்து போய் அந்தச் சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டேன்.

“அண்ணி, இந்தத் தேளையும் என் கையில இருக்கறதையும் ஒரே ஊசியிலதான் குத்துனாங்க. என் தட்ட விடுங்க, மொதல்ல இவர கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க.”

நான் சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

இனிமேலாவது உறைக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், அண்ணன் சமையலறை மூலையில் உட்கார்ந்து பேப்பர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளினிக்குக்கு மட்டும் யாரும் போகவில்லை.

கையைக் கழுவச் சொல்லி, அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். விரலில் குத்திப் பார்த்தார்கள், பிறகு ரத்தமும் எடுத்தார்கள். அவருக்கும் இருந்தது. கல்லீரல் என்னுடையதைவிட மோசம்.

இப்போது மாத்திரை எடுக்கிறார், கிருமி போய்விடும் என்கிறார்கள். எனக்குத்தான் ஆறவில்லை. ஒரு தட்டைப் பிரித்து வைக்க ஒரு நிமிடம்கூட யோசிக்காத எங்கள் குடும்பம், ஒரு விரலைக் குத்திப் பார்க்க இத்தனை மாதம் யோசித்ததே.