கை ஆட்டுகிற ஹோட்டல்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், ஆற்றில் படகு ஓட்டுகிறார். துடுப்புப் போடும் படகு என்று நினைத்துவிட வேண்டாம். நகரத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகிற, வெள்ளைப் பெயின்ட் அடித்த, மாடி வைத்த மோட்டார் படகு. காலையில் வேலைக்குப் போகிற பாதி ஊர் அவர் கையில்தான் ஆற்றைக் கடக்கிறது. ஆனால் அவர் முகம் யாருக்கும் தெரியாது. அவருடைய அறை மேலே இருக்கிறது, ஜனங்கள் கீழே போனைக் குனிந்து பார்த்தபடி இருக்கிறார்கள். இறங்கும்போது ஒருவராவது நிமிர்ந்து ஒரு தலையசைப்பு? ம்ஹூம். எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அத்தானுக்கு வராது. கோபம் என்ற சமாசாரத்தை அவருக்குள் வைக்கவே மறந்துவிட்டார்கள்.

பேச்சும் அப்படித்தான். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். வாயைத் திறக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடமே விடாமல் பேசுவேன். அதனால் அத்தான் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து திரைச்சீலை தைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதற்கே கூச்சப்படுகிற ஜென்மம். தெருவில் குரல் உயர்த்தி அவள் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தான் தானாக வாயைத் திறந்தார்.

"கல்யாணமாகி இருபது வருஷம் ஆகப் போகுது. ஆத்தோரமா ஒரு ஹோட்டல்ல போய் ஒரு ராத்திரி தங்கலாமா?"

அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்துவிட்டேன். ஆற்றோர ஹோட்டல், நல்ல அறை, நல்ல சாப்பாடு என்று தேட ஆரம்பித்தால் படங்கள் கொட்டுகின்றன. எச்சில் கையோடு தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

"அத்தான், இதப் பாருங்க. முழுக்கக் கண்ணாடி. மொட்டை மாடியில நீச்சல்குளம்!"

அவர் எட்டிப் பார்த்தார். "இதா? இதுல ஜன்னலே திறக்காது. உள்ள இருக்கறவங்க மீன்தொட்டியில நிக்கற மாதிரி நிப்பாங்க."

"சரி, இது? சிவப்புக் கல் கட்டடம். தங்கினவங்க எல்லாம் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்காங்க."

"சமையல்கட்டுப் புகையெல்லாம் ஆத்துப் பக்கம்தான் விடறாங்க. அதைத் தாண்டறப்போ நானே மூக்கைப் பிடிச்சுக்குவேன்."

"இந்த மஞ்சள்?"

"பாட்டு போடுவாங்க. என் என்ஜின் சத்தமே எனக்குக் கேக்காது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அப்ப எந்த ஹோட்டல்தான் வேணும்? பேரைச் சொல்லுங்க!"

"பேரு தெரியாது. கை ஆட்டுற ஹோட்டல்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு ஊரின் முதுகு மட்டும்தான் தெரியும். பெயர்ப்பலகைகள் எல்லாம் தெருவைப் பார்த்து இருக்கின்றன. அவர் இருபது வருஷமாகப் பார்ப்பது பின்பக்கத்து பால்கனிகளையும் புகைக்கூண்டுகளையும் காயப்போட்ட துணிகளையும். அதில் பச்சை மரக்கதவு வைத்த ஒரு பழைய கட்டடம் இருக்கிறதாம். காலையில் அதைக் கடக்கும்போது பால்கனிகளில் நிற்கிறவர்கள் எல்லாரும் படகைப் பார்த்துக் கை ஆட்டுவார்களாம். இவரும் ஆட்டுவாராம். வேறு எந்த ஹோட்டலிலும் அந்த மரியாதை கிடையாதாம்.

அக்கா கழுவப் போட்ட தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "கை ஆட்டறாங்கன்னு ஒரு ஹோட்டலா? நல்லா இருக்கு."

அன்று நான் கிளம்பும்போது அத்தான் வாசல் வரை வந்தார். செருப்பு மாட்டும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"ரேடியோ, உங்கக்கா ஒரு தடவைகூட நான் வேலை செய்யறதப் பார்த்ததில்ல."

உண்மைதான். அக்காவுக்குப் படகு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை படகுத்துறைக்குப் போனாள். துறையின் மிதக்கும் பலகையில் கால் வைத்ததுமே தலைசுற்றி வாந்தி எடுத்து, அத்தோடு சரி. கரையோரத் தெருவில் நின்று பார்க்கலாம் என்றால், ஆறு தெரியாதபடி வரிசையாகக் கட்டடங்கள். அந்தக் கட்டடங்களின் பின்பக்க பால்கனியில் நின்றால்தான் படகு தெரியும்.

"அவ அங்க நிக்கணும். நான் படகை ஓட்டிக்கிட்டு வரணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்!

மறுநாளே வேலையில் பொய் சொல்லிவிட்டு அத்தானின் படகில் ஏறினேன். பாலத்தைத் தாண்டியதும் பச்சைக் கதவுக் கட்டடம் வந்தது. பழசு, ஆனால் களையான கட்டடம். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஆட்டினார்கள்! ஒருவர் இருவர் இல்லை, பால்கனிக்கு பால்கனி கைகள். ஒரு அம்மாள் துண்டையே எடுத்துச் சுழற்றினாள். மேலே அத்தான் தன் அறையிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, முழுக்கையையும் வீசி ஆட்டினார். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட சைகையில் கேட்கிற மனிதரா இவர்! நானும் கீழே நின்று இரண்டு கையாலும் ஆட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தக் கட்டடத்தின் முன்பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது. தெருவில் இறங்கி நடந்தால் பச்சைக் கதவையே காணோம். ஒரு துணிக்கடைக்குள் புகுந்து பின்பக்க ஜன்னல் வழியே பச்சைக் கதவு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒரு வங்கிக்குள்ளும் அதே வேலையைச் செய்யப் பார்த்து, காவலாளி என்னை வெளியே கொண்டுவந்து விட்டார். கடைசியில் ஒரு செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஒரு வாசல். அதுதான்.

உள்ளே நுழைந்து ஆற்றுப் பக்கம் பால்கனி வைத்த அறை வேண்டும் என்றேன். மேஜையில் இருந்த பெண் தயங்கினாள்.

"தெருப் பக்கம் எடுத்துக்கோங்களேன். அந்தப் பக்கம் காலையில கொஞ்சம் தொந்தரவா..."

"படகுச் சத்தம்தானே? அது எங்க அத்தான் படகு! அந்தச் சத்தத்துக்காகத்தான் வர்றோம்!" என்று ஒரு போடு போட்டேன். அவள் மறுபேச்சு பேசாமல் அறையை எழுதிவிட்டாள். அவளை முழுவதும் பேச விட்டிருக்கலாம். ஆனால் ஒருவரை முழுவதும் பேச விட்டால் நான் எப்படி ரேடியோ?

சனிக்கிழமை போய்த் தங்குவது, ஞாயிறு காலை அத்தான் அங்கிருந்தே வேலைக்குப் போவது என்று ஏற்பாடு. கூட வேலை செய்கிற ஓட்டுநர் ஞாயிற்றுக்கிழமையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியும் அத்தான் மறுத்துவிட்டார். காரணம் தெரியாத அக்கா கொதித்தாள்.

"விடிஞ்சதும் வேலைக்கு ஓடறதுக்கு எதுக்கு ஹோட்டல்? நான் தனியா அங்க உக்காந்து சுவரப் பாத்துக்கிட்டிருக்கணுமா? நீயும் வாடி!"

இப்படியாக அக்காவும் அத்தானும் தனியாகப் போக வேண்டிய பயணத்தில் நானும் தொற்றிக்கொண்டேன். அத்தான் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சோபாவை விரித்தால் படுக்கையாகும் என்று அவரே விசாரித்து வந்தார்.

அந்த வாரம் முழுக்க வீடு இரண்டுபட்டது. அக்கா சொந்தத் தலையணை உறை எடுத்து வைத்தாள், சொந்த சோப்பு, அறையைத் துடைக்க ஒரு துணி. "துடைக்கறதுக்கு அங்க ஆளு இருக்குக்கா!" என்றால், "அவங்க வர்றப்போ அழுக்கா இருந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புதுச் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் குதிக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

அறைக்குள் நுழைந்ததும் அவள் ஆற்றைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. நேரே போய்த் திரைச்சீலையின் அடிமடிப்பைப் புரட்டினாள். "நல்ல தையல்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, அதை விலக்கினாள். எதிரே ஆறு. சாய்ந்த வெயிலில் அகலமாக, அமைதியாக, எங்களுக்கென்றே கொண்டுவந்து விரித்த மாதிரி. அக்கா "ஐயோ" என்றாள். சந்தோஷத்தில் அவளுக்கு வரும் ஒரே வார்த்தை அதுதான். அன்று மாலை முழுவதும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அத்தான் பக்கத்தில் நின்று, எந்தத் திருப்பத்தில் தண்ணீர் சுழிக்கும், எங்கே மணல் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு ரேடியோ அணைந்தே கிடந்தது.

காலையில் நாங்கள் எழுந்தபோது அத்தான் போயிருந்தார். பணிப்பெண் ரொட்டியும் பழமும் தேநீரும் கொண்டுவந்து பால்கனி மேஜையில் வைத்தாள். கூடவே ஒரு துண்டையும் அக்கா கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றாள் அக்கா.

"இப்ப தெரியும் பாருங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ரொட்டியில் கை வைத்தேனோ இல்லையோ, கூரை விளிம்பிலிருந்து இறங்கின. புறாக்கள்! ஒன்று தட்டில், ஒன்று தேநீர்க் கோப்பையின் விளிம்பில், ஒன்று என் தலையில். நான் அலறினேன். அக்கா துண்டைச் சுழற்றினாள். பக்கத்து பால்கனிக் கிழவர் இரண்டு கையையும் வீசினார். மேலே, கீழே, எல்லா பால்கனிகளிலும் கைகள், துண்டுகள், செய்தித்தாள்கள்.

அதே நேரத்தில் பாலத்துக்கு அடியிலிருந்து வெள்ளைப் படகு வந்தது. அத்தான் பாதி உடம்பை வெளியே நீட்டி, முகமெல்லாம் பல்லாக, எங்கள் எல்லோருக்கும் கை ஆட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, இருபது வருஷமா இவரு... புறா விரட்டறவங்களுக்கு..."

அக்கா சிரிக்கவில்லை. துண்டைப் பிடித்தபடி நின்று, படகையும் பால்கனிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். யாருமே படகைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் ரொட்டி மேல். அடுத்த நொடி ரொட்டித் தட்டை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். புறாக்கள் மொத்தமும் அங்கே பாய்ந்தன. அவள் பால்கனிக் கம்பியை இறுகப் பிடித்து எக்கி நின்று கத்தினாள். ஆமாம், என் அக்கா கத்தினாள்.

"ஏங்க! எல்லாரும் ஆத்தப் பாருங்க! அந்தப் படகுக்காரருக்குக் கை ஆட்டுங்க! அவரு என் வீட்டுக்காரரு! புறா கிடக்கட்டும், கை ஆட்டுங்க!"

கிழவர் முதலில் திரும்பினார். படகைப் பார்த்தார். கையைத் தூக்கினார். பிறகு மேல் மாடி, பிறகு கீழ் மாடி. சமையல்கட்டிலிருந்து யாரோ கரண்டியை ஆட்டினார்கள். நானும் எழுந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஆட்டினேன், அது சிரித்த கண்ணீரா அழுத கண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை. அக்கா துண்டைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையை உயர்த்தி ஆட்டினாள். படகு ஹாரன் அடித்தது. தேவையில்லாமல் ஒருநாளும் ஹாரன் அடிக்காத மனிதர், பச்சைக் கதவைத் தாண்டும்வரை அடித்துக்கொண்டே போனார். படகில் இருந்தவர்கள் போனிலிருந்து நிமிர்ந்து, முதல்முறையாக மேலே யார் என்று பார்த்தார்கள்.

"புறா விஷயத்த அவர்கிட்ட மூச்சு விட்டே, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்றாள் அக்கா. சத்தியம் செய்து கொடுத்தேன்.

மதியம் அத்தான் பை தூக்க வந்தார். அக்கா அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் வாசலில், செருப்புக் கடை முன்னால் நின்றோம். அத்தான் பையைக் கைமாற்றிக்கொண்டே சொன்னார்.

"வழக்கமா அவங்க புறாவத்தான் விரட்டுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாள் எனக்குத்தான் ஆட்டறாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் படகைக் கரையோரமா கொண்டுபோக வேண்டியிருந்துச்சு, அப்பதான் பார்த்தேன். ஆனா அதுக்குள்ள கை பழகிப் போச்சு."

"அப்புறமும் ஏன் இந்த ஹோட்டல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

"அத்தனை பேரு புறாவுக்கு ஆட்டறாங்க. நடுவுல ஒருத்தியாவது எனக்குன்னு ஆட்டட்டுமேன்னுதான்." தலையைச் சொறிந்துகொண்டார். "இன்னிக்கு எல்லாரும் எப்படி ஆட்டினாங்கன்னுதான் புரியல. புறா விஷயம் எனக்குத் தெரியும்னு உங்கக்காகிட்ட சொல்லிடாதே."

அக்கா படியிறங்கி வந்தாள். ஒருபக்கம் அவளுக்குச் செய்த சத்தியம், மறுபக்கம் இவர் கேட்டுக்கொண்டது. நல்ல மனுஷி யாராவது இருந்தால் இரண்டையும் மனதில் பூட்டி வைத்துக்கொண்டிருப்பாள். எனக்கு இந்த வேலையெல்லாம் ஒத்துவராது.

"அக்கா, இவருக்குப் புறா விஷயம் முன்னாலேயே தெரியும்! அத்தான், அத்தனை பேரையும் ஆட்ட வெச்சது இவதான்! தொண்டை கிழியக் கத்தினா, அவரு என் வீட்டுக்காரருன்னு!"

தெருவில் அப்படியே இரண்டு பேரும் நின்றார்கள். அக்காவின் முகம் சிவந்து, பார்வை செருப்புக் கடைக்குள் ஓடியது. அத்தான் கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு, எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, முழுக்கையையும் உயர்த்தி அவளைப் பார்த்து ஆட்டினார்.

அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கையைத் தூக்கி ஆட்டினாள்.