பிரசவ வார்டுக்கு ஒரு கிளைக்குழாய்

டேரில் தீயணைப்புக் குழாய் பொருத்துகிறவன். வீடு சுங்கை லாலாங்கில். பக்கத்து நகரமான சுங்கைப் பட்டாணியில் ஒரு பிரசவ மையத்தில் வேலை என்று மேற்பார்வையாளர் காளிதாசன் சொன்னபோது அவன் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. போன வருடம் அவனுடைய பெண் குழந்தை அங்கேதான் உயிரில்லாமல் பிறந்தது. காளிதாசனுக்கு அது தெரியாது.

குழந்தைகள் அறையை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். கூரையடியில் ஓடும் பெரிய குழாயிலிருந்து அதற்கு ஒரு கிளை பிரிக்க வேண்டும்.

"வெல்டிங் வச்சிரலாம்டா. சாமான் கையில இருக்கு," என்றார் காளிதாசன்.

"வேணாண்ணே. புகை வரும். தாய்மாருங்க, பிள்ளைங்க எல்லாத்தையும் வேற எடத்துக்கு மாத்தணும். மெக்கானிக்கல் டீன்னு பைப்பக் கவ்வுற இணைப்பு இருக்கு, அதப் போடுவோம். தண்ணிய வடிச்சிட்டு, பைப்புல ஓட்ட போட்டு, மேல கவ்வ வச்சு போல்ட்ட முறுக்குனா போதும்."

"பிரஷர் தாங்குமா?"

"இந்த சைசுக்குத் தாங்கும். அப்ரூவல் உள்ளதா பாத்து வாங்குவோம்லா."

காளிதாசன் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

டேரில் ஏணியில் நின்று துளை போட்டான். வெட்டுப்பட்ட வட்டத் துண்டு குழாய்க்குள் விழுந்துவிடாமல் பிடித்து எடுத்தான். உள்ளே கிடந்தால் நெருப்புப் பிடிக்கிற நாளில் தண்ணீரை அடைத்துவிடும். சத்தம் நின்றதும் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை வீறிட்டது.

தாதி ஷீலா எட்டிப் பார்த்தாள். "சத்தத்துல பிள்ள பயந்துட்டான், வேற ஒண்ணுமில்ல. ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்கண்ணே?"

"ஒண்ணு. பொம்பளப் புள்ள."

"நடக்குறாளா?"

அவன் ரப்பர் வளையத்தைத் துளையின்மேல் வைத்து, விரலால் சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டே இருந்தான். யாரோ கூப்பிட, ஷீலா போய்விட்டாள்.

அன்று மாலை அவன் மனைவி ஜானிஸ் சோறு போட்டபடி வழக்கம்போலக் கேட்டாள்: "இன்னிக்கு எங்க வேல?"

குலிமில் ஃபேக்டரி வேலை என்று சொல்லி வந்தவனால் அன்றைக்குப் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புள்ளைங்க அழுதுச்சா?"

"அழுதுச்சு."

"நம்ம புள்ள ஒரு தடவகூட அழுகலயே," என்றாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் குழந்தையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் முறை. இருவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, "வேலைக்குப் போற வழியில என்னைக் கல்லறையில எறக்கி விடுங்க," என்றாள். அதுவரை அவள் அந்தப் பக்கமே போனதில்லை. இறக்கி விட்டான். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். குழந்தைகளின் சிறிய கல்லறைகள் இருக்கும் வரிசை அவளுக்குத் தெரியவில்லை, நடுவழியில் நின்றுவிட்டாள். டேரில் கார் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.