சரவணமுத்தரின் பதுளைச் சில்லுகள்

குறிகட்டுவான் துறையில் ஆட்கள் இறங்கி முடிவதற்குள்ளேயே சரவணமுத்தர் தன் காரின் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்திவிடுவார். சாரத்தை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு, சில்லின் நடுவைத் தொட்டுச் சூடு பார்ப்பார். பிறகு தோளில் கிடக்கும் துவாயை எடுத்து உப்புத் தூசியைத் துடைப்பார். அடுத்தது பின் சில்லு. லோஞ்சைப் பிடிக்க ஓடுகிறவர்கள் தங்கள் பைகளை டிக்கியிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவருடைய வாடகைக் கார் ஒரு பழைய ஓஸ்ரின். கதவுகளின் அடிப்பக்கத்தைக் கறல் தின்றுவிட்டது. பின் சீற்றில் சாக்கு விரித்திருக்கும். சில்லுகள் மட்டும் புளி போட்டு மினுக்கிய செம்புபோலப் பளபளக்கும். "கிழவனுக்குப் புதுச் செருப்பு" என்று சரவணை ஊர்ப் பெடியள் சிரிப்பார்கள். அதைக் கேட்டு அவரும் சிரிப்பார். ஆனால் சில்லில் யாராவது காலை வைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

பதுளையில் அவருக்குப் பலசரக்குக் கடை இருந்தது. எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் கடையும் எரிந்தது, வாசலில் நின்ற டட்சன் காரும் எரிந்தது. அந்தக் காருக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய இந்த நாலு சில்லுகளும் மினுக்குவதற்காக அந்தக் கிழமை சிநேகிதர் பியதாசவின் கராஜில் கழற்றிக் கிடந்தன. அடுத்த வருஷம் பியதாச அவற்றைச் சாக்கில் கட்டி ரயிலில் அனுப்பிவைத்தார். பதுளையிலிருந்து வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.

அவர் பதுளையைப் பற்றிப் பேசும்போது கடையைச் சொல்வதில்லை, பனியைத்தான் சொல்வார். "விடியப்பறம் கண்ணாடியெல்லாம் பால் ஊத்தினமாதிரிக் கிடக்கும். துடைச்சுத் துடைச்சுத்தான் ஓடோணும்." சொல்லும்போது கண்கள் வேலணை வெளியின் வெயிலைப் பார்த்துச் சுருங்கியிருக்கும்.

சில்லுகளை ஓஸ்ரினுக்குப் பூட்டியபோது நட்டுத் துளைகள் நாலும் அச்சொட்டாகப் பொருந்தின. நடுத் துளைதான் பெரிது. சில்லைத் தாங்க வேண்டிய அச்சுக் குடம், பெரிய மோதிரத்துக்குள் சின்ன விரல்போல நின்றது. நட்டை இறுக்கினால் சரி என்று அவர் நினைத்தார். ஆனால் கடலைக் கடக்கும் வாணர் தாம்போதியில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே கார் காய்ச்சல்காரன்போல நடுங்கத் தொடங்கியது.

குறிகட்டுவானில் மீன் எடுத்து வேலணைச் சந்தையில் விற்கும் செபஸ்தியம்மா அதை மறைத்துப் பேசவில்லை.

"அண்ணை, நெடுந்தீவு லோஞ்சில வராத வயித்துப்பிரட்டும் சத்தியும் உங்கட காரில வருது. கடகத்துக்குள்ள மீனும் உயிர் வந்து துள்ளுது."

"அது றோட்டுப் பிழை, பிள்ளை."

"அப்ப பஸ்ஸுக்கு வேற றோட்டோ?"

ஆட்கள் மெல்ல மெல்ல பஸ்ஸுக்கு மாறினார்கள். வீட்டில் மனைவி அன்னபூரணமும் பொறுமை இழந்தார்.

"இஞ்சேருங்கோ, உந்த மினுக்கத்தைக் கழட்டிப்போட்டுப் பழைய இரும்புச் சில்லைப் பூட்டுங்கோவன். நயினை அம்மன் திருவிழாவுக்கு லோஞ்சேற வாற சனமும் ஏறாட்டி என்னத்தைச் சாப்பிடுறது?"

சரவணமுத்தர் வாசலுக்குப் போய்ச் சில்லுகளைத் துவாயால் ஒருமுறை துடைத்துவிட்டு வந்தார். கடைசியில், "கொடியேத்தம் வரைக்கும் பாப்பம். பிறகும் ஆடினா நானே கழட்டிறன்" என்றார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அன்னபூரணம் திருகையில் உழுந்து உடைத்துக்கொண்டிருந்தார். நடு முளை தேய்ந்ததால் மேற்கல் ஒரு பக்கம் சரிந்து உரசியது. அவர் கல்லைத் தூக்கி, முளையில் துணிக் கிழிசலைச் சுற்றி, திரும்ப வைத்தார். கல் ஆடாமல் சுற்றியது. பார்த்துக்கொண்டிருந்த சரவணமுத்தர் எழுந்து நேரே காரிடம் போனார்.

வீட்டு வளவு முழுக்க மணல். ஜாக்கி புதைந்துவிடும் என்ற பயத்தில், நட்டுகளைக் கையால் திருகிவிட்டுக் காரை உடனே இறக்கி, நிலத்தில் வைத்துத்தான் அவர் இதுவரை இறுக்கிவந்தார். கார்ப் பாரத்தில் குடம் அந்தப் பெரிய துளைக்குள் ஒரு மயிரளவு கீழே இறங்கிவிடும். நடு பிசகிய அந்த இடத்திலேயே அவர் நட்டுகளை வரிசையாக முறுக்கியிருக்கிறார்.

"இஞ்சாரும், அந்த ஓட்டை அலுமினியப் பானையைத் தாரும்."

"அதில கோழிக்குத் தவிடு வைக்கிறனான்."

"கோழிக்குச் சிரட்டை போதும்."

பானையை வெட்டிப் பட்டிகளாக்கினார். ஒவ்வொன்றையும் வளைத்து, அரத்தால் ராவி, குடத்துக்கும் துளைக்கும் இடையில் நூல் நுழையாதபடி இறுக்கமாகப் பொருத்தினார். ஜாக்கிக்குக் கீழே பனம் பலகை வைத்தார். சில்லு அந்தரத்தில் நிற்கையிலேயே எதிரும் புதிருமாக நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, இடையிடையே சுழற்றிப் பார்த்தார். பொழுது சாய்ந்துவிட்டது.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் செபஸ்தியம்மாவை அவரே கூப்பிட்டு ஏற்றினார். திருவிழா தொடங்கினால் வேலணையில் மீன் வாங்க ஆளில்லை. அது அவளுடைய கடைசிக் கடகம். பஸ் நிரம்பி வழிந்திராவிட்டால் ஏறியிருக்கமாட்டாள்.

தாம்போதி தொடங்கியதும் அவள் ஒரு கையால் கதவையும் மறு கையால் கடகத்தையும் பிடித்துக்கொண்டாள். வேக முள் முப்பதைத் தாண்டியது. வழக்கமாக நடுக்கம் தொடங்குகிற இடம். சரவணமுத்தர் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. முப்பத்தைந்து. நாற்பது. ஸ்ரேறிங் அவருடைய கைக்குள் அசையாமல் கிடந்தது.

"என்னண்ணை, கார் நிண்டுட்டுதோ?" என்றாள் செபஸ்தியம்மா.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் கடல், முன்னால் வெறுமையான நேர் றோட்டு. தூரத்தில் நாலைந்து கொக்குகள் மட்டும் நின்றன. அவருடைய உள்ளங்கை ஹோனை அழுத்தியது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை: வளைவுக்கு அப்பால் என்ன வருகிறதென்று தெரியாத பதுளை மலை றோட்டுகளில் அடிக்கிறமாதிரி.

"ஆருக்கண்ணை அடிக்கிறியள்? கொக்குக்கோ?"

சரவணமுத்தர் இல்லாத அடுத்த வளைவுக்கு இன்னொருமுறை ஹோனை அழுத்தினார்.