பகலில் எரிந்த பல்பு

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில், அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். பலகைச் சுவர், தகரக் கூரை. என் வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல் ஒரு நாள் தாமதமானால் மூழ்கிவிட்டது என்றே முடிவு செய்துவிடுவேன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால் பயம் இன்னும் கூடுதல்.

அந்தக் காலத்தில் அங்கே ரேடியோவில் தமிழ் கேட்பது பெரிய பாடு. எங்கள் பேட்டரி ரேடியோவில் திருச்சியும் இலங்கையும் ஒரு நிமிஷம் பேசும், அடுத்த நிமிஷம் கடல் இரைச்சலாகிவிடும். ஏரியல் கம்பி நிற்கும் திசையை மாற்றினால் தெளிவாகக் கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். என் வீட்டுக்காரர் உடனே இறங்கிவிட்டார். கூரை முகட்டில் ஒரு தடிப் பலகையை அடித்து, அதில் பழைய லாரி பேரிங் ஒன்றைப் பதித்து, அதன் மேல் இரும்புக் குழாயை நிறுத்தினார். குழாயின் உச்சியில் நீள மூங்கில் ஒன்றைக் குறுக்காகக் கட்டி, அதில் செம்புக் கம்பியை இழுத்தார். குழாயில் சுற்றிய கயிறு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். உள்ளேயிருந்து கயிற்றை இழுத்தால் மேலே மூங்கில் திரும்பும். விட்டால் எதிர்ப்பக்கம் தொங்குகிற கல் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். சாயங்காலமானால் அக்கம்பக்கத்தார் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஜன்னல் ஓரம் நின்று கிணற்றில் தண்ணீர் இறைப்பவள் மாதிரி கயிற்றை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருப்பேன்.

கடல்காற்றில் எதுவும் நிலைக்காது. கம்பி பச்சை பூத்துவிடும். பேரிங் துருப்பிடித்து இறுகிவிடும். மாதம் ஒரு தடவையாவது அவர் கிரீஸ் டப்பாவோடு கூரை ஏறியாக வேண்டும். அவர் மேலே ஏறினால் என் உயிர் என்னிடம் இருக்காது.

இதற்கிடையே, மேட்டுக்கு மேலே புதிதாகக் கட்டிய குவார்ட்டர்ஸுக்கு எங்கள் கூரையை ஒட்டி கரண்ட் லைன் இழுத்தார்கள். மூங்கில் முழுவதும் திரும்பினால் அதன் நுனி லைனில் போய் இடிக்கும். அதனால் அவர் பலகையில் ஒரு மர முளையை அடித்து, மூங்கில் அந்தப் பக்கம் போகாமல் தடுத்திருந்தார். எங்கள் பக்கத்துக்கு அப்போது சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கரண்ட் வரும். பகலெல்லாம் லைன் சும்மா கிடக்கும். குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

அப்படியும் எனக்கு மனசு ஆறாது. அவர் ஏணியில் கால் வைத்ததுமே நான் உள்ளே ஓடி அறையில் இருக்கும் பல்பின் சுவிச்சைப் போட்டு வைத்துவிடுவேன். தப்பித்தவறி கரண்ட் வந்தால் தெரியட்டும் என்றுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதைப் பார்த்தால் ஒரே சிரிப்பு.

"என்ன மதினி, நட்டநடுப் பகல்ல சுவிச்சப் போட்டுட்டு மேல பாத்துக்கிட்டு இருக்கிய? பல்பு முட்டை போடுமா?" என்பாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து, ஒரு மழை பெய்து விட்டிருந்தது. தகரமெல்லாம் ஈரம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நான் வழக்கம்போல சுவிச்சைப் போட்டுவிட்டு, அவர் சொன்னபடி ஜன்னலில் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து அவரைப் பார்க்க முடியாது. தலைக்கு மேல் தகரம் மடமடக்கும், குரல் கேட்கும், அவ்வளவுதான்.

மேலே டக்டக்கென்று சுத்தியல் சத்தம். முளையைக் கழற்றுகிறார் என்று புரிந்தது.

"ஏங்க, அத எதுக்கு எடுக்கிய?"

"முழுச் சுத்து சுத்துனாத்தாம்ட்டி கிரீஸ் உள்ள எறங்கும். நீ கொஞ்சங் கொஞ்சமா கயிற விடு."

"லைன்ல முட்டுமே!"

"முட்டட்டும். ஆறு மணி வரைக்கும் அது வெறும் கொடிக்கம்பி. உன் சேலையக் கொண்டா, காயப் போடுதேன்."

சிரிப்பு வேறு. நான் கயிற்றை ஒரு முழம் விட்டேன். கல்லின் இழுப்பு கையில் தெரிந்தது. "பாத்துங்க, பாத்துங்க" என்றேன். இன்னும் ஒரு முழம் விட்டேன். "வழுக்கும், எறங்கிருங்க" என்றேன். "சரி, சரி" என்றார். அது எனக்குச் சொன்ன பதில் இல்லை. வாய் தானாகச் சொல்வது.

அப்போது என் முன்னால் இருந்த சுவரில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழுந்தது. வெயில் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பல்பு எரிகிறது.

கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால், விட்ட நிமிஷம் கல் மூங்கிலை இழுத்து லைனில் சாத்திவிடும். அவரோ ஈரத் தகரத்தில் வெறுங்காலோடு அந்த இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு கையாலும் கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஏங்க, எறங்குங்க! கைய எடுங்க! எறங்குங்க!"

"விடுட்டி கயிற!"

"எறங்குங்க, அய்யோ எறங்குங்க!"

"இவ ஒருத்தி! காலையிலருந்து இதே பாட்டு. நீ விடாட்டா நானே திருப்பிக்கிடுதேன்."

சொன்னபடியே செய்தார். குழாயைப் பிடித்து அவர் திருப்ப ஆரம்பித்ததும் கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. அவர் மேலே இழுக்கிறார், நான் கீழே இழுக்கிறேன். பலசாலி அவர். நான் ஜன்னல் சுவரில் காலை உதைத்துக்கொண்டு தொங்கினேன். தொண்டையிலிருந்து "எறங்குங்க" தவிர வேறு சொல் வரவில்லை.

அந்த நேரம் கீழ்ப்பாதையில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். தோளில் காவடி மாதிரி ஒரு மூங்கில், இரண்டு பக்கமும் கூடை நிறையப் பூசணிக்காய். பஜாருக்குப் போகிற பெங்காலி விவசாயி என்று பார்த்தாலே தெரிந்தது. என் சத்தம் கேட்டு நின்று அண்ணாந்து பார்த்தார்.

"க்யா ஹுவா, பஹன்?" என்ன ஆச்சு, தங்கச்சி என்று கேட்டார்.

எனக்கு அப்போது இந்தி நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம். தெரிந்த நாலும் எப்படியோ வந்துவிட்டன. "கரண்ட் ஆ கயா! பாயி, கரண்ட் ஆ கயா!"

அவர் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு, கூரையைப் பார்த்து அதிரும்படி ஒரு சத்தம் போட்டார். "ஏ பாயி! சோடோ! கரண்ட் ஆ கயா!" கையை விடு, கரண்ட் வந்துவிட்டது என்று.

மேலே தகரம் ஒரு தடவை மடமடத்தது. கயிற்றில் இருந்த இழுப்பு சட்டென்று பாதியானது. என் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். பிறகு தகரத்தில் உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி மறுபக்கம் ஏணிக்குப் போகிற சத்தம் கேட்டது. நான் மட்டும் கயிற்றை விடவில்லை. அந்தப் பெங்காலிக்காரர் ஜன்னலுக்கு வந்து, வெளியிலிருந்தே கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்து, ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அதன் பிறகுதான் என் விரல்கள் விரிந்தன. உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது.

கூடையிலிருந்து உருண்ட பூசணிக்காய் ஒன்று சரிவில் ஓடிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இறங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் போய் எடுத்துவந்தார். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன். கழுவி நீட்டிய காயை அந்த மனிதர் வாங்கிக்கொள்ளவில்லை. என் கையைக் காட்டி, தேங்காயெண்ணெய் போடச் சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லை நாங்கள். அதற்குப் பிறகு பஜாரில் பூசணி விற்கிறவர்களை எல்லாம் உற்றுப் பார்த்திருக்கிறேன். அவர் கண்ணில் படவேயில்லை.

பவர் ஹவுஸில் எஞ்சினைப் பழுது பார்த்துச் சோதிக்க ஓட்டினார்களாம். கொஞ்ச நேரத்தில் பல்பு தானாக அணைந்துவிட்டது.

அதுவரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "ஜன்னல் கம்பியில கட்டிட்டு வந்திருக்கலாம்லா?"

"கம்பி எங்க என் கண்ணுல பட்டுது?"

"சரி. கரண்ட் வந்துட்டுன்னு சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"சொன்னேனே! தொண்ட கிழிய சொன்னேனே!"

"எறங்குங்கன்னு சொன்ன. அத நீ தெனமும்லா சொல்லுத."

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். யாரென்றே தெரியாத மனிதருக்கு நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். கூடவே வாழ்கிறவருக்கு என் பயத்தை மட்டும் சொன்னேன். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன அந்தப் பயம் அவர் காதில் விழவேயில்லை.

மறுவாரமே அந்தக் குழாயைக் கூரையிலிருந்து பிடுங்கி வீட்டின் பின்புறம், லைன் எட்டாத இடத்தில் நட்டார். கிரீஸ் போடக் கிளம்பினால் ஏணியை எடுக்கும் முன்பே, "சுவிச்சப் போட்டியா?" என்று அவரே கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதன் பிறகு சிரித்ததில்லை.

பயம் என்னை விட்டுப் போய்விடவில்லை, இந்த வயதிலும் யாராவது ஏணியில் ஏறினால் கீழே ஓடிப்போய் நிற்கத்தான் செய்கிறேன்; ஆனால் வாயைத் திறக்கும் முன், இப்போது என் கண்ணில் பட்டது என்ன என்று ஒரு தடவை என்னையே கேட்டுக்கொண்டு, அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் நடுங்குகிறேன்.