காரணம் சொல்ல விரும்பவில்லை

என் மகளுக்கு அப்போதுதான் கழுத்து நின்றிருந்தது. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். தடுப்பூசிக்குச் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போவேன். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ஒரு புதிய சொட்டு மருந்தை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாததால், "பார்க்கிறேன்" என்றேன்.

பார்ப்பதற்கு ஒரு தொடுதிரைக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். காகிதத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் அந்த ஆய்வில் இல்லை. பெற்றோரின் ஒப்புதல் முழுக்கத் திரையில்தான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால் ஒரு பெண்குரல் தமிழில் விளக்கும், படங்கள் நகரும். கடைசியில் நமக்குப் புரிந்ததா என்று சில கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் கையெழுத்துப் பக்கம் திறக்கும்.

பள்ளியில் நான் முதல் பெஞ்சுக்காரி. மடமடவென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வியில் நின்றுவிட்டது. ‘நீங்கள் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சரியா, தவறா?’

‘தவறு’ என்பதைத் தொட்டேன். ஒருவரிடம் வார்த்தை கொடுத்துவிட்டு, அதுவும் டாக்டரிடம், பாதியில் விலகுவதாவது? என் பொறுப்புணர்ச்சியைச் சோதிக்கிறார்கள் என்றே நினைத்தேன். திரை கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பகுதியைத் திரும்பவும் ஓட்டியது. திரும்பவும் ‘தவறு’ என்றேன்.

அடுத்த நாற்காலியில், கைக்குழந்தையோடு ஒரு மீனவப் பெண் தன் முறைக்குக் காத்திருந்தாள்.

"இன்னாம்மா, பரீட்சை எழுதிக்கினு கீறியா? எங்க நாத்தனாரு போன வாரம் வந்துச்சு, பச்சையா கீறத அமுக்கிட்டு போயிக்கினே இருந்துச்சு. படிச்சவங்களாண்டதான் பேஜாரு."

ஆய்வு வேலையில் இருந்த இளம்பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, அதுக்கு ‘சரி’ன்னு போடுங்க. எல்லாரும் அதான் போடுவாங்க."

அவள் சொன்னபடி போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நம்பாத ஒன்றைச் சரி என்று எப்படித் தொடுவது? சேர்ந்தபின் வெளியே வர முடியுமா என்பதுதானே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "நிஜமாவே விலகலாமா?" என்று கேட்டேன். "விலகிட்டு மறுபடி இங்கயே ஊசிக்கு வந்தா முகத்தைத் திருப்பிக்க மாட்டீங்களே?"

அந்த இளம்பெண் சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். அவர் சிரிக்கவில்லை. "விலகலாம்மா. ஊசி எப்பவும் போல போடுவோம். இது மனசுல உட்கார்ற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க," என்றார்.

வீட்டுக்குப் போய், கணவரோடு பேசி, மறுவாரம் வந்து கையெழுத்திட்டேன். மகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தும்மலுக்கும் நான் விழித்துக்கொண்டேன்.

அடுத்த தவணையில் ரத்தம் எடுக்க வேண்டும். திரையில் முன்பே சொன்னதுதான், நான் ஒப்புக்கொண்டதுதான். ஆனால் குழந்தையின் நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்தினார்கள், அடுத்த கையில் குத்தினார்கள். அவள் மூச்சை அடக்கி, நீலம் பாரித்து, பிறகு வீறிட்டாள். "கால்ல பார்க்கலாமா?" என்றார் நர்ஸ்.

"வேண்டாம்," என்றேன். என் குரல்தான். "நாங்க விலகிக்கிறோம்."

மன்னிப்புக் கேட்கலாமா, இன்னொரு முறை குத்தச் சொல்லலாமா என்று மனம் அதற்குள் தடுமாறத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா கணினியை என் பக்கம் திருப்பினார்.

‘விலகுகிறேன்’ என்பதைத் தொட்டேன். திரை கேட்டது: ‘காரணம் சொல்ல விரும்புகிறீர்களா?’ கீழே இரண்டு கட்டங்கள். பள்ளிக்குத் தாமதமானதற்கு, குழந்தை இளைத்ததற்கு, குழம்பில் உப்புக் கூடியதற்கு என்று எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியே வளர்ந்தவள் நான். ‘விரும்பவில்லை’ என்பதைத் தொட்டேன். ‘நன்றி’ என்றது திரை. அவ்வளவுதான்.

டாக்டரம்மா மகளைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் போடவேண்டிய வழக்கமான தடுப்பூசியை அவரே போட்டு, அடுத்த தேதியை அட்டையில் எழுதித் தந்தார். முகம் திரும்பவில்லை. நான் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே அதே மீனவப் பெண் நின்றிருந்தாள். உள்ளே பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். "இன்னா, வெளிய வந்துட்டியா? வுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"அப்ப நெசந்தானா," என்றாள். "சரி, நான் இதுல கீறேன். பேஜாரானா நானும் வந்துர்றேன்." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

அழைத்துப்போக வந்த கணவரிடம் விலகிவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால், மகளை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. இப்படிச் செய்ததால் அவர்கள் ஆராய்ச்சி கெட்டிருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் போகவும் போனது.

"என்னாச்சு, ஏன் வேண்டாம்னு சொன்ன?" என்று கேட்டார்.

"காரணம் சொல்ல விரும்பவில்லை," என்றேன், அந்தத் திரையின் பெண்குரல் போலவே.

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை ஆடியது. மகள் விழித்துக்கொள்ளவில்லை.